வழிமொழிய ஒரு கை

ஆலங்கரணைப் பேரூராட்சியில் ஒரு தீர்மானம் நிறைவேற எவ்வளவு நேரம் ஆகும்? டீ வந்து சேருகிற நேரம்தான். தாம்பரத்துக்குக் கிழக்கே, சிட்லபாக்கத்தையும் தாண்டி, பாதி வயலும் பாதி ‘நகர்’களுமாகக் கிடந்த ஊர் அது. மாதத்துக்கு ஒரு மன்றக் கூட்டம். செயல் அலுவலர் சுந்தரராமன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பொருள் எண் ஒன்று" என்று ஆரம்பிப்பார். விஷயத்தைப் படித்து முடிப்பதற்குள் யாராவது ஒருத்தர் "பாஸ்" என்பார். இரண்டு, பாஸ். மூன்று, பாஸ். எதிரே வாசற்படியில் டீத் தட்டு தெரிந்துவிட்டால் தலைவர் குப்புராஜ் மிச்சத்தைப் படிக்கவே விடமாட்டார். "இன்னாப்பா, ஆல் பாஸா?" என்பார். "ஆல் பாஸ்!" என்று மன்றம் முழுக்க ஒரே குரலாகச் சொல்லும். பிறகு போண்டா.

கை தூக்கி ஓட்டுப் போடுகிற பேச்சே கிடையாது. அந்த மன்றத்தில் கை தூக்குவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பியூன் தேவானந்தம் தட்டோடு வந்து நின்று, "சக்கரை இல்லாதது யாருக்குங்க?" என்பார். சர்க்கரை வியாதிக்காரர்கள் கை தூக்குவார்கள். அவ்வளவுதான் ஆலங்கரணையின் ஜனநாயகம்.

இந்த ஆல் பாஸுக்கு நடுவில்தான் ஒருநாள் கன்னியம்மா எழுந்து நின்றாள்.

கன்னியம்மா காலனிக்காரி. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. தொண்ணூற்றாறு தேர்தலில் காலனி வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். "வாயுள்ளவ போவட்டும்" என்று ஜனங்கள் அவளை நிறுத்தி ஜெயிக்கவும் வைத்தார்கள். ஆனால் அந்த வாய் முதல் ஒரு வருஷம் மன்றத்தில் திறக்கவே இல்லை. அவளும் எல்லாரோடும் சேர்ந்து பாஸ் சொன்னவள்தான். தெருவிளக்குக்குப் பாஸ், கொசு மருந்துக்குப் பாஸ். ஏரி ஓரத்தில் சிறுவர் பூங்கா போட இடத்தை வளைக்கலாம் என்று ஒரு பொருள் வந்தபோது, பிள்ளைகள் விளையாடுமே என்று அதற்கும் பாஸ்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் அவள் புருஷன் ரத்தினம் செத்துப்போனான். மஞ்சள் காமாலை.

காலனியின் சுடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம். அங்கே போக ஏரியை ஒட்டி ஒரு மேட்டு வழி உண்டு. காலங்காலமாகக் காலனிப் பிணங்கள் போகிற வழி. அன்றைக்குப் பார்த்தால் அந்த வழியில் முள்கம்பி. பூங்காவுக்கென்று கல்லும் மணலும் மலைமாதிரி கொட்டிக் கிடக்கிறது. இன்னொரு வழி பெருமாள் கோயில் தெரு. அந்தத் தெருவில் காலனிப் பிணம் போனது கிடையாது. போகக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் போனதில்லை. கன்னியம்மா அழுத கண்ணோடு அந்தத் தெருமுனையில் இருந்த துரைராஜ் வீட்டுக்கு ஓடினாள். எண்பத்தாறில் தலைவராக இருந்தவர், ஊரில் நாலு பேர் மதிக்கிற பெரிய மனிதர், இப்போது அவளைப் போலவே ஒரு வார்டு உறுப்பினர். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் சொன்னா எவன் கேக்கறான்மா இப்பல்லாம்" என்றார். சொல்லிப் பார்க்கவில்லை. சொல்லிப் பார்த்திருந்தால் அல்லவா கேட்கிறார்களா இல்லையா என்று தெரியும்!

கடைசியில் பாடையைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஏரித் தண்ணீரில் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர், மேலே மழை. நடுவில் ஒருத்தனுக்குக் கால் வழுக்கிப் பாடை ஒருபக்கமாகச் சாய்ந்தது. ரத்தினத்தின் முகம் தண்ணீரில் முங்கி எழுந்தது. கரையில் நின்ற கன்னியம்மாவுக்கு அதோடு அழுகை நின்றுபோனது. "உசுரோட இருந்த வரைக்கும் ஒழுகற வூடு. செத்தப்பறமாவது நனையாம போவக் கூடாதா அந்த மனுசன்?" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற அஞ்சம்மாள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்காருகிறவர்கள்.

ஜனவரிக் கூட்டத்தில் பூங்காவுக்குச் சுவர் எழுப்பும் தீர்மானம் வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் சுவர், இரும்புக் கதவு, சாயங்காலம் ஆனால் பூட்டு. மேட்டு வழி மொத்தமும் சுவருக்குள்ளே. யாரோ பாஸ் சொல்ல வாயெடுத்தார்கள்.

"தலைவரே, ஒரு திருத்தம்" என்றாள் கன்னியம்மா.

குப்புராஜ் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. அப்பன் காலத்தில் ஏர் ஓட்டிய நிலத்தில் இப்போது மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தவர். ஏரியை ஒட்டி அவர் மனைகள்தான் விலைக்கு நின்றன. எதிரே பூங்கா இருந்தால் மனைக்கு ஒரு அழகு. எதிரே பாடை போனால்? வாங்க வந்தவன் பஸ் ஏறிப் போய்விடமாட்டானா!

"இன்னாம்மா, எழுத்துப் பிழையா?" என்றார்.

"சொவுரு கட்டுங்க, வேணாங்கல. மேட்டு வழிய மட்டும் பத்தடி வெளிய வுட்டுக் கட்டுங்க. அதைத் தீர்மானத்துல சேர்த்து எழுதுங்க."

"திருத்தம்லாம் சட்டசபைல கொண்டாருவாங்க. இங்க ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. நீ குந்து."

கன்னியம்மா உட்காரவில்லை. சுந்தரராமன் பக்கம் திரும்பினாள். "ஈ.ஓ. சார், நீங்க சொல்லுங்க. மெம்பரு திருத்தம் கொண்டார ரூல்ல எடம் கீதா, இல்லியா?"

சுந்தரராமன் பாவம். ரிடையராக இரண்டு வருஷம் பாக்கி இருந்த மனிதர். தலைவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். "ப்ரொவிஷன் இருக்கும்மா... இல்லேன்னு சொல்ல முடியாது. ஆனா சேர்மன் அலவ் பண்ணணும். முன்கூட்டி ரைட்டிங்ல குடுத்தா நல்லது..."

"கேட்டுக்கினியா?" என்று குப்புராஜ் டக்கென்று பிடித்துக்கொண்டார். "எழுத்துல குடு. இன்னாப்பா, ஆல் பாஸா?"

ஆல் பாஸ். டீ வந்தது. கன்னியம்மா குடிக்கவில்லை.

மறுநாளே தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் இருந்த ஒரு டைப் அடிக்கிற கடைக்குப் போய்த் திருத்தத்தை டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தாள். பிப்ரவரிக் கூட்டத்தில் அதே சுவர் வேறு வேஷத்தில் வந்தது. இந்த முறை செலவு மதிப்பீடு. கன்னியம்மா எழுந்தாள்.

குப்புராஜ் அவள் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "இது போன மாசத் தீர்மானத்துக்குத் திருத்தம். அது பாஸ் ஆயி போயிடுச்சு. இப்ப வந்திருக்கறது மதிப்பீடு. இதுல கல்லு, சிமெண்டு, கம்பி, இதுதான் கீது. வழியும் இல்ல, வாசலும் இல்ல. எங்கன்னு திருத்தறது?"

மன்றம் சிரித்தது. கன்னியம்மாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"வாயால சொன்னா எழுத்துல குடுன்றீங்க. எழுத்துல குடுத்தா மாசம் பூட்ச்சுன்றீங்க. அடுத்த மாசம் வந்தா இன்னா சொல்லுவீங்க, ஆளே பூட்டான்னா? ஆளு ஏற்கெனவே பூட்டான் தலைவரே. தண்ணில முக்கி எடுத்துக்கினு போனோம்."

சிரிப்பு நின்றது. குப்புராஜ் மேஜையில் தட்டினார்.

"இதோ பாரு. அடுத்த மாசம் டெண்டர் வருது, அதோட இந்த விசயம் முடிஞ்சுது. அப்ப கொண்டா உன் திருத்தத்தை, நானே எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு. வழிமொழிய ஒரு மெம்பரு வேணும். அதுவும் ரூல்தான், ஈ.ஓ.வையே கேட்டுக்க. ஒண்டியா நின்னு கத்தறதுக்கு இது கொழாயடி இல்ல."

சுந்தரராமன் ஆமாம் என்று தலையாட்டினார். குப்புராஜ் அதைப் பெருந்தன்மையாகச் சொன்னதுபோல் சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். எவன் வருவான் என்ற தைரியம்தான். கன்னியம்மாவுக்கும் அது புரிந்தது. புரிந்ததால்தான், "சரி தலைவரே, சொன்ன வார்த்தை வார்த்தையா இருக்கட்டும்" என்று எல்லார் காதிலும் விழுகிறமாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த மாதம் முழுக்க வேலை விட்டு வந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தாயாரம்மாள் என்று ஒரு உறுப்பினர். படுத்த படுக்கையாய்க் கிடக்கிற புருஷனுக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டே, "நாயம்தாண்டி நீ சொல்றது. ஆனா என் புள்ள கிட்ட கேக்கணும்" என்றாள். பிள்ளை, தலைவரைக் கேட்க வேண்டும் என்றான். இன்னொருத்தர் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பினார். அடுத்த காலனியின் உறுப்பினர் யேசுதாசன்தான் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம சனத்துக்கு நாம நிக்காம யாரு நிப்பா? நான் வழிமொழியறேன்கா, நீ தைரியமா போ" என்றார். அவர் பையன் பேரூராட்சித் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கன்னியம்மாவுக்கு அது ஞாபகம் வரத்தான் செய்தது. ஆனால் சொன்ன வாயைச் சந்தேகப்படவா முடியும்?

துரைராஜ் வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. ஒருமுறை போனது போதும்.

மார்ச் கூட்டத்துக்குக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அவள் மட்டும் வரவில்லை. மன்றக் கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே அஞ்சம்மாளும் காலனிப் பெண்களும் வந்து நின்றார்கள். குப்புராஜ் ஜன்னலைப் பார்த்து, "இன்னா, சினிமாவா?" என்றார். "சும்மா பாக்க வந்தோம் தலைவரே. பாக்கக் கூடாதுன்னு ரூல் கீதா?" என்றாள் அஞ்சம்மாள். ரூல் என்ற வார்த்தை அதற்குள் காலனி முழுக்கப் பரவிவிட்டது.

சுந்தரராமன் டெண்டரைப் படித்தார். இந்தமுறை யாரும் பாஸ் சொல்ல அவசரப்படவில்லை. கன்னியம்மா எழுந்து, மனப்பாடமாக இருந்ததைச் சொன்னாள். மேட்டு வழியைப் பத்தடி அகலத்துக்குச் சுவருக்கு வெளியே விட்டு, எந்நேரமும் திறந்திருக்கிற பொது வழியாக வைத்து, மிச்ச இடத்தில் பூங்காச் சுவரைக் கட்டுவது. இதுதான் திருத்தம்.

"யாராவது வழிமொழியறீங்களா?" என்றார் குப்புராஜ்.

கன்னியம்மா யேசுதாசனைப் பார்த்தாள். யேசுதாசன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார். திறந்தார். தலை மட்டும் நிமிரவே இல்லை. காதோரம் வியர்வை வழிந்தது. அடப்பாவி மனுசா! இதற்கா அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டாய்? கன்னியம்மா உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தாயாரம்மாள் முந்தானையை முறுக்கினாள். மற்றவர்கள் அஜெண்டாவைப் புரட்டினார்கள். இரண்டே பக்க அஜெண்டாவில் அவ்வளவு நேரம் என்ன புரட்டினார்களோ!

"இல்லியா? ஒருத்தரும் இல்லியா?" குப்புராஜ் நிதானமாகக் கேட்டார். அவருக்கு ஒன்றும் அவசரமில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்றிருந்தது அவருக்கு.

அந்த நேரத்தில் தேவானந்தம் டீத் தட்டோடு உள்ளே வந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு என்ன தெரியும்? வழக்கம்போல, "சக்கரை இல்லாதது யாருக்குங்க?" என்றார்.

துரைராஜ் கையைத் தூக்கினார்.

குப்புராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, கையக் கீழ எறக்குங்க! நீங்க பாட்டுக்கு டீக்குத் தூக்கப் போயி, அந்தம்மா நீங்கதான் வழிமொழிஞ்சீங்கன்னு எழுதிக்கப் போவுது."

மன்றம் கொல்லென்று சிரித்தது. யேசுதாசன்கூட, தப்பித்தோம் என்று லேசாகச் சிரித்தார். கன்னியம்மாவுக்கு முகம் எரிந்தது. தன் புருஷன் போன வழி இவர்களுக்கு டீக்கு முன்னால் ஒரு சிரிப்பாகப் போய்விட்டதே!

துரைராஜ் கையை இறக்கவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. தேவானந்தம் டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். கை அப்படியே இருந்தது. சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக அடங்கியது.

"அண்ணே, டீ வந்துடுச்சு" என்றார் குப்புராஜ்.

"தெரியுது."

"அப்ப கைய எறக்குங்க."

"எதுக்கு எறக்கணும்?" துரைராஜின் குரல் சன்னமாகத்தான் வந்தது. "நான் இந்த நாக்காலில இருந்தப்ப நீ என் பின்னாலயே பைலத் தூக்கிக்கினு ஓடியாந்தவன். இந்தக் கைய எப்ப தூக்கணும், எப்ப எறக்கணும்னு நீயா எனக்குச் சொல்றது?"

"இன்னாண்ணே இது பேஜாரு! டீக்குத்தான தூக்கனீங்க?"

"ஆமா. தூக்கனது டீக்குத்தான்." துரைராஜ் எழுந்து நின்றார். கை இன்னும் மேலேதான். "எறக்காம வெச்சிருக்கறது அந்தப் பொண்ணு சொன்னதுக்கு. நான் வழிமொழியறேன். எழுதிக்கய்யா ஈ.ஓ."

ஜன்னலுக்கு வெளியே யாரோ "யம்மாடி!" என்றார்கள். கன்னியம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்லத் தோன்றவில்லை. அன்றைக்கு மழையில் இந்தக் கை எங்கே போயிருந்தது என்றுதான் கேட்கத் தோன்றியது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், அவள் பக்கம் அவர் திரும்பவில்லை. ரோஷத்தில் தூக்கி வைத்த கையோ, வேறு எதற்கோ, அதை அவரே அறிவார். அவளுக்கு வேண்டியது கை.

குப்புராஜ் முகம் சிவந்தாலும் சட்டென்று சமாளித்துக்கொண்டார். கணக்குத் தெரிந்த ஆள். மன்றத்தில் பதினைந்து பேர், இதில் இரண்டு பேர். "சரி. வழிமொழிஞ்சாச்சு. ஓட்டுக்கு வுட்டுடலாம். திருத்தத்தை ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

துரைராஜின் கை ஏற்கெனவே மேலே இருந்தது. கன்னியம்மா கையைத் தூக்கினாள். யேசுதாசன் பேனாவை மேஜையில் வைத்தார். ஜன்னலில் அஞ்சம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் பேனாவே உருகியிருக்கும். அவர் கை தோள்பட்டை வரைக்கும் வந்தது, நின்றது, பிறகு மெல்ல முழுதாக மேலே போனது.

"மூணு" என்றார் குப்புராஜ் அலட்சியமாக. "எதிர்க்கறவங்க?"

அப்போதுதான் கன்னியம்மா வாயைத் திறந்தாள். "ஈ.ஓ. சார், பேரு பேரா எழுதுங்க. இன்னார் இன்னார் பொணம் போற வழிய அடைக்கணும்னு கை தூக்கனாங்கன்னு. நான் ஒவ்வொரு பேரையும் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேப்பேன். வெளில கீறவங்களும் கேப்பாங்க."

"மெரட்டறியா?" என்று குப்புராஜ் சீறினார்.

"மெரட்டல. கை தூக்குங்கன்னு நீங்கதான சொன்னீங்க? தூக்கட்டும், பாக்கறேன்."

இங்கேதான் வந்தது வினை. பாஸ் என்று கும்பலோடு கும்பலாக முனகுவது ஒன்று. அதற்கு முகம் கிடையாது. யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும் சொன்னது. ஆனால் இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலில் பத்துக் கண் பார்த்துக்கொண்டிருக்க, சாவு போகிற வழியை மூடு என்று சொந்தக் கையைத் தனியாகத் தூக்குவது அவர்களில் ஒருத்தரும் செய்து பழகாத காரியம். தாயாரம்மாளுக்கு வீட்டில் இழுத்துக்கொண்டு கிடக்கிற புருஷன் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்துச் செவ்வாய்க்கிழமை வேறு. "அய்யோ, என்னால ஆவாதுப்பா" என்று முணுமுணுத்துவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த பக்கத்து நாற்காலிக்காரரும் அவசரமாக டம்ளரை எடுத்தார். இன்னொருத்தர் ஒரு கையில் டீ, மறு கையில் போண்டா என்று இரண்டுக்கும் வேலை வைத்துக்கொண்டார். ஒரு நிமிஷத்தில் மன்றத்தில் காலிக் கையே இல்லாமல் போனது.

குப்புராஜ் தன் கையைத் தூக்கினார். "இன்னாப்பா? எதிர்க்கறவங்க கை தூக்குங்கன்றேன்ல!"

"சூடா கீது தலைவரே" என்றார் ஒருத்தர், டம்ளரை ஊதிக்கொண்டே.

"கீழ வெய்யா!"

"வெச்சா ஆறிடும் தலைவரே."

ஜன்னலில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். குப்புராஜ் இடம் வலம் பார்த்தார். அவருக்கு வேண்டியவர்கள், அவரோடு காரில் சுற்றுகிறவர்கள், அவரிடம் காரியம் ஆகவேண்டியவர்கள், எல்லாரும் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை மட்டும் தனியாக நின்றது.

சுந்தரராமன் தொண்டையைச் செருமினார். எழுதுவதா வேண்டாமா என்று பேனா காகிதத்துக்கு மேலேயே தத்தளித்தது.

"இன்னாய்யா முழிக்கற? எண்ணத் தெரியாதா?" என்றார் துரைராஜ்.

"திருத்தம்... ஆதரவு மூணு" என்று சுந்தரராமன் எச்சில் விழுங்கினார். "எதிர்ப்பு ஒண்ணு. மற்றவர்கள் வாக்களிக்கலை. ஆகவே... திருத்தம் நிறைவேறியது. திருத்தத்தோட டெண்டர்..." வழக்கம்போலப் பாஸா என்று கேட்கப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கை தூக்கச் சொல்லுங்க சார்" என்றாள் கன்னியம்மா. "அதுக்கும்."

இந்த முறை டம்ளர்கள் கீழே இறங்கின. பூங்காவோடு யாருக்கு விரோதம்? கைகள் மேலே வந்தன. கன்னியம்மாவும் தூக்கினாள். குப்புராஜ் அஜெண்டாவைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ரொம்ப ஆடாதே. அடுத்த மாசம் மறு தீர்மானம் போட்டு இதை ரத்து பண்ண எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"போடுங்க தலைவரே. தாராளமா போடுங்க" என்றாள் கன்னியம்மா. குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "அதுக்கும் நான் திருத்தம் கொண்டாருவேன். எழுத்துலயும் தருவேன். ஆனா ஆல் பாஸ் இனிமே இந்த ரூம்புல கெடையாது. ஒவ்வொரு தடவையும் கையத் தூக்கித்தான் ஆவணும், ஒவ்வொருத்தரும். நீங்களும். அப்பறம், இந்த மன்றத்துல நானும் ஒரு மெம்பரு. நீ வா போன்னு பேசாதீங்க. நீங்கன்னு சொல்லுங்க."

குப்புராஜ் விறுவிறுவென்று வெளியே போனார். போகிற வேகத்தில் வெள்ளைச் செருப்பு ஒன்று வாசற்படியில் கழன்று கிடந்தது. திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

துரைராஜ் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "இன்னாடா இது தேவானந்தம், சக்கர போட்டுக் குடுத்திருக்க! ஆள மாத்திக் குடுத்துட்டியா?" என்று கத்தினார். பிறகு கன்னியம்மா பக்கம் பார்க்காமலே, "அன்னிக்கி நான் சொல்லிப் பாத்திருக்கணும்மா" என்றார்.

"ஆமா. சொல்லிப் பாத்திருக்கணும்" என்றாள் கன்னியம்மா. அதற்குமேல் இளக அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் வாசலுக்குப் போனவள் திரும்பி வந்து, சர்க்கரை இல்லாத டம்ளர் எது என்று தேடி எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே வெயில். காலனிப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பின்னால் நின்றவர்களுக்குப் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. அஞ்சம்மாள் மட்டும் எல்லாவற்றையும் பார்த்திருந்தும், அவள் வாயால் கேட்க வேண்டும் என்று, "இன்னாடி ஆச்சு? சொல்லேன்" என்றாள்.

கன்னியம்மா ஏரிப் பக்கம் பார்த்தாள். முள்கம்பிக்குப் பின்னால் மேட்டு வழி தெரிந்தது. தண்ணீர் வற்றிப்போய் ரத்தினத்தைத் தூக்கிக்கொண்டு போன இடம் வெடித்துக் கிடந்தது. மூன்று மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. தெருவில் நின்றபடியே, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அஞ்சம்மாளின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"வழி கீதுடி. இனிமே நாம செத்தா நனையாம போலாம்."